ஆண்டு இறுதிக் காணிக்கையும் கொரிந்து சபையும்

டிசம்பர் மாதம் பிறந்ததும் நம் ஆலயங்களில் அறிவிப்புகள் நீளத் தொடங்குகின்றன. கிறிஸ்துமஸ் காணிக்கை, ஆண்டு இறுதி ஸ்தோத்திரக் காணிக்கை, அவற்றோடு சந்தா பாக்கி ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் வாசிக்கப்படுகின்றன. கடமையும் மனமுவந்த ஈகையும் இவ்வாறு கலந்துபோவதால் விளையும் கேடு சிறிதன்று. பாக்கிப் பட்டியலில் தன் பெயர் வருமோ என அஞ்சும் கூலித் தொழிலாளி, குடும்பத்தோடு அம்மாதம் முழுவதும் ஆலயத்திற்கு வராமலே நின்றுவிடுவதுண்டு. புத்தாண்டு உடன்படிக்கை ஆராதனையில் யார் இல்லை என்று நோக்குதல் போதகரின் கடன்.

மிகுதியாகக் கொடுக்கும்படி கேட்பது தவறன்று. எருசலேமின் ஏழைப் பரிசுத்தவான்களுக்காகப் பவுல் கேட்டது அத்தகைய காணிக்கையே. ஆயினும் அவர் கேட்ட முறையைக் கவனித்தல் வேண்டும். ஓராண்டுக்கு முன்னரே சபையார் அதற்கு ஆயத்தமாகத் தொடங்கியிருந்தனர் (2 கொரி. 8:10, 9:2). வாரத்தின் முதல்நாள்தோறும் அவரவர் வரவுக்குத் தக்கதைச் சேர்த்துவைக்கச் சொன்னார்; தாம் வந்த பின்பு தண்டல் நடைபெறுவதை அவர் விரும்பவில்லை (1 கொரி. 16:2). பணத்தைக் குறித்து ஒருவரும் குறைகூறாதபடி, தீத்துவுடன் சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட சகோதரரையும் அனுப்பினார் (8:18-21). 2 கொரி. 9:5இல் இரு கிரேக்கச் சொற்களை அவர் எதிரெதிராக நிறுத்துகிறார். ‘யூலோகியா’ என்பது ஆசீர்வாதம். ‘ப்ளியோனெக்சியா’ என்பது பேராசையால் பறித்துக்கொள்ளுதல். கடைசி நேரத்தில் நெருக்கிப் பெறும் காணிக்கை எவ்வளவு பெருந்தொகையாயினும் இரண்டாவதன் சாயலைப் பெற்றுவிடுகிறது.

கொங்கு நாட்டில் காலத்தைப் பற்றிய இந்தக் கருத்து தனிச்சிறப்புடையது. கோவை ஆலைத் தொழிலாளருக்கும் திருப்பூர்ப் பனியன் தொழிலாளருக்கும் போனஸ் கிடைப்பது தீபாவளியையொட்டி. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் வகுத்த குறைந்த அளவு 8.33 சதவீதம், ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம். டிசம்பருக்குள் அது கடனுக்கும் துணிமணிக்கும் சென்றுவிடும். ஈரோட்டுப் பக்கத்து விவசாயிக்கோ டிசம்பரில் மஞ்சள் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. தை முதல் பங்குனிக்குள் வெட்டி, வேகவைத்து, உலர்த்தி விற்ற பின்னரே கையில் பணம் புரளும். ஆக, இவ்விரு சாராரிடமும் கை வறண்டிருக்கும் வேளையில்தான் நாம் தட்டை நீட்டுகிறோம்! மாதச் சம்பளக்காரரின் நாட்காட்டியைச் சபை முழுவதற்கும் அளவுகோலாக்கியது நாமே.

எதற்காகக் கேட்கிறோம் என்பது அடுத்த வினா. 1830இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆடிஸ் ஐயர் கோயம்புத்தூரில் ஊழியத்தைத் தொடங்கியபோது, அவரைத் தாங்கியது கடல் கடந்த சபையார் தம் சொந்தச் சபைச் செலவுக்கு மேலாகக் கொடுத்த பணம். பிறருடைய மிகுதியான ஈகையால் பிறந்தவர்கள் நாம். ரோமர் 15:27இல் பவுல் கூறும் கடன் நமக்கும் உண்டு. ஆதலின் வரவுசெலவுத் துண்டை அடைப்பதற்கும் ஆலயத்திற்கு வெள்ளையடிப்பதற்கும் இக்காணிக்கையைத் திருப்புதல் பொருந்தாது. (அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய்க்குப் பல நூறு ரூபாய் கேட்கும் உற்சாகத்தை நான் பழிக்கவில்லை; அதைக் கொண்டுவந்த விதவையின் பெயரையும் ஒருமுறை சொல்லலாம்.)

ஆடி மாதத்திலேயே செயற்குழு கூடி, சபைக்கு வெளியே உள்ள ஒரே ஒரு தேவையைத் தெரிந்துகொண்டு அறிவிக்கட்டும். சந்தாவைப் பற்றிப் போதகர் வீட்டில் தனியே பேசட்டும். பங்குனியில் மஞ்சள் விற்றுக் கொண்டுவருகிறவரிடம் கணக்கு முடிந்துவிட்டது என்று பொருளாளர் சொல்லாதபடி, அதுவரை ஏட்டைத் திறந்தே வைத்திருக்கட்டும்.