கூடப் படித்தவர்கள்

ஐதராபாத் பெரிய நகரம். தெலங்கானா மாநிலத்தின் தலைநகரம். அங்கே பழைய கல்லூரிகள் உண்டு. நிஜாம் கல்லூரி 1887இல் தொடங்கியது. உஸ்மானியா பல்கலைக்கழகம் 1918இல் தொடங்கியது. தொடக்கத்தில் அங்கே பாடம் நடந்தது ஆங்கிலத்தில் அல்ல, உருது மொழியில். பெண்களுக்கென்று தனிக் கல்லூரி 1924இல் வந்தது.

அந்தக் காலத்தில் ஐதராபாத் தனி ராஜ்யம். நிஜாம் மன்னர் ஆண்டார். தெலுங்கு, மராத்தி, கன்னடம், உருது பேசும் பிள்ளைகள் ஒன்றாகப் படித்தார்கள். 1948இல் அந்த ராஜ்யம் இந்தியாவுடன் சேர்ந்தது. 1956இல் மொழிவாரியாகப் பிரிந்தது. தெலுங்குப் பகுதி ஆந்திரப் பிரதேசத்தில் சேர்ந்தது. மராத்திப் பகுதி பம்பாய் மாநிலத்துக்குப் போனது. கன்னடப் பகுதி மைசூர் மாநிலத்துக்குப் போனது. ஒரே வகுப்பில் இருந்தவர்கள் மூன்று மாநிலத்துக்காரர்கள் ஆனார்கள்.

அப்போது தொலைபேசி எல்லா வீட்டிலும் இல்லை. தொடர்பு என்றால் கடிதம்தான். கடிதம் எழுதியவர்களின் நட்பு நீடித்தது. எழுதாதவர்கள் பிரிந்தே போனார்கள்.

அன்று படித்தவர்கள் இன்று தொண்ணூறு வயதை ஒட்டியவர்கள். 1960களில் படித்தவர்களுக்கு எண்பது வயது ஆகிறது.

தனிமை என்னும் நோய்

ஐதராபாத்தில் படித்த பிள்ளைகள் பலர் அமெரிக்கா போய்விட்டார்கள். பெற்றோர் இங்கே இருக்கிறார்கள். பணத்துக்குக் குறை இல்லாத வீட்டிலும் பேச ஆள் இல்லை. கணவனோ மனைவியோ இறந்துவிட்டால் வீடு இன்னும் வெறிச்சோடிவிடும்.

பிள்ளைகள் அன்பாகத்தான் பேசுவார்கள். ஆனால் இங்கே பகல் என்றால் அங்கே இரவு. அதோடு, அப்பாவின் இருபது வயதுக் கதை பிள்ளைக்கு எப்படித் தெரியும்? கூடப் படித்தவருக்குத்தான் தெரியும். அவரிடம்தான் "டேய்" என்று பேச முடியும்.

நட்பு உடம்புக்கும் நல்லது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஓர் ஆய்வு செய்தது. 1938இல் அது தொடங்கியது. அங்கே படித்த 268 மாணவர்களைச் சேர்த்தார்கள். அவர்கள் கிழவர்கள் ஆகும்வரை விடாமல் கவனித்தார்கள். உறவும் நட்பும் நன்றாக இருந்தவர்கள் முதுமையிலும் நலமாக இருந்தார்கள். பணமும் புகழும் அந்த அளவுக்கு உதவவில்லை.

தொடர்பு வைப்பது எப்படி?

இப்போது கைபேசி வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசலாம். பழைய படங்களை அனுப்பலாம். கண் மங்கியவர் குரலில் பேசி அனுப்பலாம். காது மந்தமானவர் எழுத்தில் படிக்கலாம்.

முழங்கால் வலி உள்ளவரால் வெளியே வர முடியாது. நடக்க முடிந்தவர்கள் அவர் வீட்டுக்குப் போகலாம். தனியாக இருக்கும் இரண்டு பேர் ஒரு வேளை குறித்துக்கொள்ளலாம். தினமும் காலையில் ஒருவரை ஒருவர் கூப்பிடலாம். மணி அடித்தும் எடுக்கவில்லையா? உடனே பக்கத்து வீட்டுக்குத் தகவல் சொல்லலாம். இந்தச் சின்னப் பழக்கம் உயிரைக் காப்பாற்றும்.

பணத்தையும் காப்பாற்றும். போலீஸ் என்று சொல்லி ஏமாற்றுகிறவர்கள் முதியவர்களைக் கூப்பிடுகிறார்கள். "உங்களைக் கைது செய்துவிட்டோம். யாரிடமும் சொல்லக் கூடாது" என்று மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். போனில் கைது செய்ய எந்தச் சட்டத்திலும் இடம் இல்லை. அந்த நேரத்தில் ஒரு நண்பரிடம் சொன்னால் போதும், மோசடி தெரிந்துவிடும். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

14567: மறக்காதீர்கள்

முதியவர்களுக்கு இலவச உதவி எண் ஒன்று உண்டு. அது 14567. இந்த உதவி முதலில் 2017இல் ஐதராபாத்தில்தான் தொடங்கியது. 2021இல் நாடு முழுவதற்கும் வந்தது. ஓய்வூதியம், சட்ட உதவி, மனக் கவலை எதுவானாலும் பேசலாம். கொடுமைக்கு ஆளான முதியவரும் உதவி கேட்கலாம்.

பெற்றோரைக் காப்பதற்கு 2007இல் சட்டமும் வந்தது. கைவிட்ட பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவு கேட்க அதில் வழி உண்டு. அடி வாங்கும் முதியவர் வெட்கப்பட்டு வெளியே சொல்வதில்லை. நண்பர் கேட்டால் சொல்வார். நண்பரே 14567ஐக் கூப்பிட்டுத் தகவல் தரலாம்.

நமக்கும் உண்டு

கல்லூரிக்குப் போகாதவருக்கும் தோழர்கள் உண்டு. ஒன்றாக நாற்று நட்டவர்கள் உண்டு. ஒரே ஆலையில் வேலை பார்த்தவர்கள் உண்டு. எழுத்தறிவு மையத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரும் கூடப் படித்தவர்தான்.

யோசித்துப் பாருங்கள்:

உங்கள் பழைய தோழர் இப்போது எங்கே இருக்கிறார்?

அவரிடம் கடைசியாக எப்போது பேசினீர்கள்?

அவருக்கு நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதுங்கள்.