லைட் எரியுது, ஆர்க் வரல! பழைய வெல்டிங் மெஷினைத் திறப்போமா?

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் கிரில் பட்டறைகள்ல முன்னாடி இருந்தது தூக்க முடியாத டிரான்ஸ்ஃபார்மர் மெஷின். இப்போ தோள்ல மாட்டிட்டுப் போற இன்வெர்ட்டர். 50 ஹெர்ட்ஸுக்குப் பெரிய கோர் வேணும். அதையே பல ஆயிரம் ஹெர்ட்ஸ்ல சுவிட்ச் பண்ணினா கைக்குள்ள அடங்குற ஃபெரைட் கோர் போதும். வெயிட் குறைஞ்சது, பழுதாகுற பாகம் கூடிடுச்சு. மெஷின் நின்னா பட்டறைக்காரருக்கு அன்னைக்கு வருமானம் போச்சு. "போர்டு போயிடுச்சு, புதுசு வாங்குங்க"ன்னு கேட்டதும் அவர் பாதி விலைக்கு அதைத் தள்ளிடுறார். பல நேரம் போனது போர்டே இல்லை!

திறக்கும் முன் ஒரு விஷயம். 230 வோல்ட் ஏசி, பிரிட்ஜ் ரெக்டிஃபையர் தாண்டினதும் சுமார் 325 வோல்ட் டிசி ஆகி பெரிய கெப்பாசிட்டர்கள்ல நிக்குது. 470 மைக்ரோஃபாரட் ரெண்டு பேரலலா இருந்தா கிட்டத்தட்ட 50 ஜூல் (அரை சிவி ஸ்கொயர் போட்டுப் பாருங்க). பிளக்கைப் பிடுங்கினாலும் அது உடனே போகாது. ஸ்க்ரூடிரைவரால ஷார்ட் பண்ற வீர விளையாட்டு வேண்டாம். 1 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள வயர்ல கட்டி 10 செகண்ட் வைங்க. மீட்டர்ல வோல்டேஜ் பூஜ்யத்துக்கு வந்ததைப் பார்த்துட்டுத்தான் கை வைக்கணும்.

அடுத்து பிரஷ். கிரைண்டிங் தூள் இரும்பு, கரண்ட் கடத்தும். பஞ்சு மில் பக்கம் ஓடின மெஷின்னா ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் பஞ்சு அடைச்சிருக்கும். இதைச் சுத்தம் பண்ணாம மீட்டரை எடுக்காதீங்க.

இப்போ தலைப்புல சொன்ன கேஸ். லைட் எரியுது, ஃபேன் சுத்துது, ராடை வச்சதும் எல்லாம் படுத்துடுது. முதல்ல சந்தேகப்பட வேண்டியது சாஃப்ட் ஸ்டார்ட் ரிலே. ஆன் பண்ணும்போது காலி கெப்பாசிட்டர் ஏகப்பட்ட கரண்ட் இழுக்கும். அதனால ஆரம்பத்துல ஒரு ரெசிஸ்டர் வழியா சார்ஜ் ஆகும். கொஞ்ச நேரத்துல ரிலே 'டிக்'னு விழுந்து அந்த ரெசிஸ்டரை பைபாஸ் பண்ணிடும். ரிலே காண்டாக்ட் கருகியிருந்தா லோடு இல்லாதப்போ எல்லாம் சரியாத்தான் தெரியும். வெல்டிங் கரண்ட் கேட்டதும் வோல்டேஜ் அந்த ரெசிஸ்டர்லயே விழுந்துடும், ரெசிஸ்டரும் கருகும். ரிலேவைக் கழட்டி, அதுல போட்டிருக்கிற காயில் வோல்டேஜை வெளியில இருந்து கொடுத்து காண்டாக்டை அளந்து பாருங்க. பூஜ்யம் ஓம் பக்கம் வரலைன்னா இதுதான் திருடன்.

ஆன் பண்ணினதுமே எம்சிபி விழுந்தா கதை வேற. பிரிட்ஜ் அல்லது ஐஜிபிடி ஷார்ட். சர்க்யூட் படம் இல்லேன்னு கவலைப்படாதீங்க. டயோட் மோடுல எல்லா ஐஜிபிடியையும் ஒரே மாதிரி அளந்து எழுதுங்க. கூட்டத்துல ஒத்துப்போகாததுதான் குற்றவாளி. ஆனா அதை மட்டும் மாத்தி ஆன் பண்ணினா புதுசும் 'டப்'. அது சாகும்போது கேட் ரெசிஸ்டர், ஜீனர், டிரைவர்னு கூட்டிட்டுப் போயிருக்கும். அதையும் பார்த்தே ஆகணும்.

முதல் தடவை ஆன் பண்றப்போ லைன்ல 100 வாட் குண்டு பல்பை சீரிஸ்ல போடுங்க. பளிச்னு எரிஞ்சு மங்கினா கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகுதுன்னு அர்த்தம். மங்காம எரிஞ்சா இன்னும் ஷார்ட் இருக்கு, நிறுத்திடுங்க. எல்லாம் சரின்னா பல்பை எடுத்துட்டு 2.5 எம்எம் ராட், 70 ஆம்பியர்ல ஓட்டிப் பாருங்க. நாலஞ்சு ராட் முடிஞ்சதும் பிளக்கைப் பிடுங்கி, மறுபடி டிஸ்சார்ஜ் பண்ணிட்டு, புதுசா வச்ச சால்டர் எதுவும் கருத்திருக்கான்னு பாருங்க.