காதுக்கு ஒளியும் கப்பல்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சாமர்த்தியமாகக் காரியத்தை முடித்துவிட்டு நழுவி விடுகிறவனை, "அவன் சரியான எம்டன்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். 1914 செப்டம்பர் 22 அன்று இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்துவிட்டு மறைந்த ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர்தான் அது. அதை நீர்மூழ்கிக் கப்பல் என்று எண்ணுவோர் இன்றும் பலர் உண்டு. ஆனால், எம்டன் நீரின் மேல் ஓடிய கப்பலேயாகும். மூன்றே புகைபோக்கிகள் கொண்ட அது, மரச்சட்டத்தாலும் கித்தானாலும் நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றை நிறுத்திக்கொண்டு, ஆங்கிலக் கப்பலைப் போல வேடமிட்டு உலவியது. அதாவது, எம்டன் ஏமாற்றியது கண்ணை. நீர்மூழ்கிக் கப்பல் ஏமாற்ற வேண்டியதோ காதை. இந்த இரண்டாவது வித்தையைப் பற்றித்தான் இக்கட்டுரையில் கூற விழைகிறேன். கடலே இல்லாத மதுரைச் சீமைக்காரனுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். இதன் அடிப்படையை விளக்க நம் ஊர்க் கிணறும் நம் ஊர்ச் சாலையுமே போதும்.

கடல் நீருக்குள் ஒளி வெகுதூரம் செல்லாது. வானொலி அலையும் அவ்வாறே. ஒலி ஒன்றுதான் அங்கே தங்குதடையின்றி ஓடுகிறது. காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல் நீரில் ஏறத்தாழ 1500 மீட்டர் செல்கிறது. எனவே நீர்மூழ்கியைத் தேடும் காவல் கப்பல்கள் ஒலியையே நம்பியிருக்கின்றன. அதற்கான கருவியே சோனார். அது இரு வகைகளில் வேலை செய்யும். ஒன்று, சும்மா இருந்து காது கொடுத்துக் கேட்பது. மற்றொன்று, தானே ஓர் ஒலித்துடிப்பை அனுப்பி, அது எதன் மீதாவது பட்டு எதிரொலித்துத் திரும்புகிறதா என்று பார்ப்பது.

இரண்டாவது முறை வலிமை வாய்ந்ததுதான். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. இருட்டில் தோப்பைக் காவல் காப்பவன் டார்ச் விளக்கை அடித்துக்கொண்டே நடந்தால், திருடன் அவன் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே அவன் திருடன் கண்ணில் பட்டுவிடுவான். ஒலியும் அப்படியே. துடிப்பு நீர்மூழ்கிக்குப் போய்ச் சேர ஒரு வழிப் பயணம் போதும். எதிரொலி காவல் கப்பலுக்குத் திரும்ப இருவழிப் பயணம் வேண்டும். ஆகையால், தேடுகிறவன் அறிவதற்கு முன்பே தேடப்படுகிறவன் அறிந்துகொள்கிறான்.

இனி, கிணற்றுக்கு வருவோம். கோடையில் கிணற்றில் குதித்து நீந்தியவர்களுக்குத் தெரியும்: மேல் நீர் வெதுவெதுப்பாக இருக்கும், முங்கிக் கீழே போனால் திடீரென்று கால் சில்லிடும். கடலிலும் இதே கதைதான். மேலே வெயிலும் காற்றும் கலக்கிவிட்ட ஒரே வெப்பநிலையுள்ள நீரடுக்கு. அதற்குக் கீழே வெப்பம் விரைந்து குறையும் அடுக்கு. நீர் சூடாக இருந்தால் ஒலி வேகமாகவும், குளிர்ந்திருந்தால் மெதுவாகவும் செல்லும். 30 டிகிரி வெப்பமுள்ள கடல் நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1545 மீட்டர். 15 டிகிரியில் ஏறத்தாழ 1507 மீட்டர். இந்தச் சிறிய வேறுபாட்டில்தான் ஒரு கப்பலின் உயிர் ஊசலாடுகிறது!

தமிழிலக்கிய மாணவ நண்பர்கள் அஞ்ச வேண்டாம், சமன்பாடு எதுவும் எழுதப் போவதில்லை. சித்திரை மாத நண்பகலில் திருநகரிலிருந்து திருமங்கலம் செல்லும் சாலையைப் பாருங்கள். தூரத்தில் தண்ணீர் தேங்கியிருப்பது போலக் கானல் தோன்றும். தாரை ஒட்டிய சூடான காற்றில் ஒளி சற்று வேகமாகவும், மேலேயுள்ள காற்றில் சற்று மெதுவாகவும் செல்வதால், ஒளிக்கதிர் மேல்நோக்கி வளைந்து நம் கண்ணுக்கு வருகிறது. எந்த அலையானாலும் தன் வேகம் குறைவாக உள்ள பக்கத்தை நோக்கியே வளையும். கடலில் குளிர்ந்த நீர் கீழே இருப்பதால், அங்கே ஒலிக்கதிர் கீழ்நோக்கி வளைகிறது. மேலடுக்கிலோ, ஆழம் கூடக்கூட அழுத்தத்தால் ஒலியின் வேகம் சற்றே கூடுவதால், கதிர் மேல்நோக்கி வளைகிறது. எனவே, காவல் கப்பலின் அடியிலிருந்து புறப்படும் ஒலி அடுக்குகளின் எல்லையில் இரண்டாகப் பிரிகிறது: ஒரு பகுதி மேலே, மறு பகுதி ஆழத்தில். இரண்டுக்கும் நடுவே, எல்லைக்குச் சற்றுக் கீழே, ஒலி அதிகம் எட்டாத ஒரு நிழல் விழுகிறது. மர நிழலில் வெயில் படாதது போல, அந்த ஒலி நிழலில் பதுங்கும் நீர்மூழ்கியின் மீது சோனார் படுவதில்லை.

1930களில் கியூபாவின் குவாண்டனாமோ அருகே பயிற்சி செய்த அமெரிக்கக் கடற்படையினருக்கு ஒரு விந்தை புலப்பட்டது. காலையில் நன்றாகக் கேட்ட சோனார், பிற்பகலில் மந்தமாகிவிடும்! பகல் உணவை உண்டுவிட்டு ஆட்கள் அசந்துவிடுகிறார்கள் என்று முதலில் பழி சுமத்தப்பட்டதாகச் சொல்வார்கள். (வகுப்பறையின் மூன்றாம் பாடவேளையை அறிந்த நமக்கு இது நியாயமான ஐயமாகவே தோன்றும்.) உண்மையில், பகல் வெயில் மேல் நீரைச் சூடேற்றி, ஒலியைக் கீழ்நோக்கி வளைத்திருந்தது. குற்றம் காதில் இல்லை, நீரில் இருந்தது. அதன்பின், ஆழத்துக்கு ஆழம் கடலின் வெப்பத்தைப் பதிவு செய்யும் கருவிகள் கப்பல்களில் ஏறின; பின்னர் நீர்மூழ்கிகளும் அவற்றையே சுமந்து தங்கள் நிழலைத் தேடிக்கொண்டன.

ஆனால், நிழல் மட்டும் இருந்தால் போதாது. நடையும் அடங்கியிருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக் கடலைக் கடந்த சரக்குக் கப்பல்கள் முப்பது, நாற்பதாக அணிவகுத்துச் செல்லும். முன்னும் பக்கங்களிலும் காவல் கப்பல்கள் வரும். அணியின் வேகம் மணிக்கு ஏழு முதல் பத்துக் கடல் மைல். அன்றைய ஜெர்மானிய நீர்மூழ்கி நீரின் மேல் ஏறத்தாழ 17 கடல் மைல் ஓடும். நீருக்குள் ஏழு, எட்டுத்தான், அதுவும் சிறிது நேரமே. ஏனெனில், வேகத்தை இரு மடங்காக்க ஏறத்தாழ எட்டு மடங்கு திறன் வேண்டும், மின்கலம் வறண்டுவிடும். எனவே அணியைப் பின்னாலிருந்து துரத்திப் பிடிக்க முடியாது. முன்கூட்டியே அதன் பாதைக்குச் சென்று, மூழ்கி, இயந்திரத்தை அடக்கிக்கொண்டு, அணி தன் மேல் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும்.

வேகத்துக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. சுழலி வேகமாகச் சுழன்றால், அதன் இதழ்களில் அழுத்தம் குறைந்து நீர்க்குமிழிகள் தோன்றி உடையும். அந்த ஓசை மைல் கணக்கில் கேட்கும். விடுதி நண்பர் ஒருவரின் கணிப்பொறியில் இதை அப்படியே ஒரு விளையாட்டாக அமைத்திருப்பதைக் கண்டேன். நீர்மூழ்கியின் தலைவராக நாமே அமர்ந்து காவல் வளையத்தை ஊடுருவ வேண்டும். அதில் விரைவில் மூழ்குகிறவர்கள் எல்லாரும் அவசரக்காரர்களே. கெட்டிக்காரர்கள் மணிக்கு இரண்டு மைல் வேகத்தில், காவல் கப்பலுக்குத் தங்கள் பக்கவாட்டைக் காட்டாமல் மூக்கை மட்டும் காட்டி ஊர்கிறார்கள். பக்கவாட்டில் பட்டால் எதிரொலி பெரிது. மூக்கில் பட்டால் சிறிது. விளையாட்டு என்றாலும் இயற்பியல் பிழையற்றதே!

இப்போது காவல் கப்பலின் பக்கம் நின்று பார்ப்போம். அதன் நிலை பரிதாபமானது. வேகமாக ஓடினால் தன் இரைச்சலே தன் காதை அடைத்துவிடும். மெதுவாக ஓடினால் நன்றாகக் கேட்கும். ஆனால், டார்பிடோவுக்கு எளிய இலக்காகிவிடும். கேட்க வேண்டுமா, தப்ப வேண்டுமா? இந்தத் தர்மசங்கடத்துக்கு நம் நாடு கொடுத்த விலை மிகப் பெரிது.

1971 டிசம்பர் 9. பாகிஸ்தானுடன் போர் நடந்துகொண்டிருந்தது. குஜராத் கரையோரம் டையூவுக்கு அப்பால் நீர்மூழ்கி ஒன்று நடமாடுவது தெரிந்து, அதை வேட்டையாட பம்பாயிலிருந்து குக்ரி, கிர்பான் என்னும் இரு கப்பல்கள் அனுப்பப்பட்டன. இரண்டும் 1950களில் பிரிட்டனில், நீர்மூழ்கிகளை எதிர்ப்பதற்கென்றே கட்டப்பட்டவை. எதிரில் இருந்தது பிரான்சில் புதிதாகக் கட்டப்பட்ட ஹாங்கோர். அதன் காது, இவற்றின் சோனார் எட்டும் தூரத்தைவிட வெகு தொலைவு கேட்கும். குக்ரியில் அப்போது சோனாரின் திறனைக் கூட்டும் சோதனை முயற்சி ஒன்று நடந்ததாகவும், அதற்காகவே வேகத்தைக் குறைத்து ஓடியதாகவும் கடற்படை வரலாற்றில் கூறப்படுகிறது. நன்றாகக் கேட்பதற்காகவே மெதுவாகப் போயிருக்கிறார்கள்!

இரவு ஒன்பது மணிக்குச் சற்று முன் ஹாங்கோரின் டார்பிடோ குக்ரியைத் தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். தப்பிச் செல்ல வாய்ப்பிருந்தும், தலைவர் கேப்டன் மகேந்திரநாத் முல்லா தம் உயிர்காப்பு அங்கியை மாலுமி ஒருவருக்கு அளித்துவிட்டுக் கப்பலோடு மூழ்கினார். மறைவுக்குப் பின் அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட முதல் போர்க்கப்பல் குக்ரியே. கப்பல்களும் விமானங்களும் நாட்கணக்கில் தேடியும் ஹாங்கோர் சிக்காமல் கராச்சி போய்ச் சேர்ந்தது. எதிரி நாட்டுக் கப்பல்தான். ஆயினும், அத்தனை காதுகளுக்கு நடுவே அது நழுவிய விதத்தை, அறிவியல் பயிலும் மாணவன் என்ற முறையில் நான் மறைத்து எழுத விரும்பவில்லை. டையூவில் கடலைப் பார்த்த மேட்டில், கண்ணாடிக் கூண்டுக்குள் குக்ரியின் மாதிரி வடிவம் இன்று நினைவுச் சின்னமாக நிற்கிறது.

ஒளிவதற்கு ஓசையை அடக்கினால் போதாது, பேச்சையும் அடக்க வேண்டும். ஜெர்மானிய நீர்மூழ்கிகள் பல, தங்கள் தலைமையகத்துக்கு வானொலியில் செய்தி அனுப்பியதாலேயே இருப்பிடத்தைக் காட்டிக்கொண்டன. ஆகவே, நீர்மூழ்கி கேட்கலாம், பேசக் கூடாது. நீருக்குள் சில மீட்டரேனும் நுழையக்கூடியவை மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகள் மட்டுமே. அவற்றை அனுப்பும் நிலையம் நம் தென்பாண்டிச் சீமையிலேயே இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில், 1990 முதல் இயங்கும் அந்தக் கடற்படை நிலையத்தின் பெயர் கட்டபொம்மன். ஆங்கிலேயனுக்கு அடங்காமல் எதிர்த்துப் பேசியவர் பெயரைத் தாங்கிய நிலையம் பேச, கேட்கும் கப்பல் வாய் திறக்காமல் இருக்கிறது!

ஒலி நிழலுக்குக் காவல் கப்பல்கள் கண்ட மாற்று எளிமையானது: காதையே நிழலுக்குள் இறக்கிவிடுவது. சோனாரை நீண்ட வடத்தில் கட்டி, வெப்ப அடுக்கின் எல்லைக்குக் கீழே தொங்கவிட்டு இழுத்துச் செல்கிறார்கள். அப்போது நீர்மூழ்கி எல்லைக்கு மேலே ஏறிக்கொள்ளப் பார்க்கும். மேலேயோ கப்பலின் அடியிலுள்ள மற்றொரு காது காத்திருக்கும். ஆனால், அந்த எல்லை எங்கும் ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. மழைக்காலத்தில் ஓர் ஆழம், கோடையில் ஓர் ஆழம். அரபிக் கடலில் ஒன்று, ஆற்று நீர் வந்து கலக்கும் வங்கக் கடலில் வேறொன்று. பிறர் தங்கள் கடலில் அளந்த கணக்கு நம் கடலுக்கு உதவாது. நாமேதான் அளந்தாக வேண்டும். கொச்சியிலுள்ள கடற்படை இயற்பியல், கடலியல் ஆய்வகத்துக்காக 1994-இல் ஓர் ஆய்வுக் கப்பல் கட்டி முடிக்கப்பட்டுக் கடலுக்கு வந்தது. 'கடலின் ஒலி' என்று பொருள்படும் சாகர்த்வனி என்பது அதன் பெயர். கடலின் வெப்பம், உப்பு, ஒலியின் போக்கு ஆகியவற்றை ஆழம் ஆழமாக அளப்பதே அதன் வேலை.