வன்னீரும் வெண்படிவும்

எமது ஓகூஸ் இல்லங்களில் ஷவர்த் துளைகளை வெண்படிவு அடைப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். டேனியர் இதனைக் 'கல்க்' என்பர். டென்மார்க்கின் குடிநீர் ஏறத்தாழ முழுவதும் நிலத்தடி நீரே. மழைநீர் மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மென்னமிலமாகி, நிலத்தடிச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொள்கிறது. அந்த வன்னீர் சூடாகும்போது வாயு வெளியேற, கல்சியம் காபனேற்று மீண்டும் கல்லாய்ப் படிகிறது. சுண்ணக்கற் பூமியான யாழ்ப்பாணத்தில், கிணற்று நீர் கொதித்த கேத்தலில் எம் முன்னோர் கண்டதும் இதுவே.

அமிலத்தில் கரைந்து வந்ததை அமிலமே மீண்டும் கரைக்கும். ஷவர்த் தலையைக் கழற்றி, 5 வீத வினாகிரியில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பற்தூரிகையால் தேய்த்துக் கழுவுதல் போதும். அப்போது எழும் குமிழிகள் காபனீரொட்சைட்டே என மாணவர் அறிக. சலவைக்கல்லில் வினாகிரி படலாகாது. அதுவும் சுண்ணாம்பின் இனமே.

ஒன்றை மறவாதிருப்போம். குளோறின் சேர்ந்த துப்புரவுத் திரவத்துடன் வினாகிரியை ஒருபோதும் கலக்கலாகாது. கலந்தால் நச்சு வாயு எழும். சாளரமற்ற சிறு குளியலறையில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். போத்தல்களிலுள்ள டேனிய எச்சரிக்கைகளைப் பெற்றோருக்குத் தமிழில் எடுத்துரைப்பது எம் பிள்ளைகளின் பணியாகட்டும்.