தோலிலே பூப் பூக்க...

குரோஷா ஊசியும் எம்பிராய்டரி வளையமும் அலுத்துப் போகும் நாள் ஒன்று கைவேலைப் பிரியர்களுக்கு வரத்தான் செய்கிறது. அந்த நாளில் நீங்கள் தோல் வேலையைப் பற்றி யோசித்தால் தவறே இல்லை. மணிபர்ஸ், கைப்பை, இடுப்பு வார், புத்தக உறை இவற்றின் மேல் கொடியும் பூவும் பாய்ப் பின்னலும் எழும்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை வரைந்தவை அல்ல, தட்டி எழுப்பியவை. ஈரப் பதத்தில் இருக்கும் தோலின் மேல் உலோக அச்சை நிறுத்தி, அதன் தலையில் அளவாக ஒரு தட்டுத் தட்டினால் பதிவு விழுகிறது. வித்தை இவ்வளவுதான்.

"இவ்வளவுதானா? இன்றைக்கே வாங்கி விடுகிறேன்!" என்று புறப்பட்டு விடாதீர்கள். இணையக் கடைகளில் இருபது அச்சு அடங்கிய பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆசையோடு வாங்கித் தட்டிப் பார்த்தால், இதழ் மழுங்குகிறது, கோடு கோணுகிறது, ஓரம் தோலை அறுத்து விடுகிறது. "நமக்குக் கை வராது" என்று பெட்டி பரணுக்குப் போய்விடுகிறது. பாவம், கை என்ன செய்யும்? குற்றம் அச்சில் இருக்கும். பழி கைக்கு வரும். அந்தப் பழி வராமல் இருக்க, கடைக்குப் போகுமுன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் தோல்

எவ்வளவு உயர்ந்த அச்சானாலும் எல்லாத் தோலிலும் பதியாது. இன்று உலகத்தில் பதனிடப்படும் தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பினால் பதனிடப்படுவது. அது துணி போல் மெத்தென்று இருக்கும். பதிவு அதில் நிலைக்காது, எழும்பி விடும். மரப் பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலே நமக்கு வேண்டும். இதற்கு நாம் தூர தேசம் போக வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடுவது நம் தமிழ்நாட்டின் பழைய கைத்தொழில். சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-ல் ஏற்பட்டது. தோல் வியாபாரத்துக்குப் பேர் போன பெரியமேடும் அதே நகரத்தில்தான் இருக்கிறது.

கடையில் தோலை எப்படிச் சோதிப்பது? சாயம் ஏற்றாத துண்டாகக் கேளுங்கள். நகத்தால் மெல்ல அழுத்துங்கள். தடம் நின்றால் நல்லது. ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அந்த இடம் உடனே கறுத்துப் பிறகு மெல்லத் தெளிய வேண்டும். வெட்டு விளிம்பைப் பாருங்கள். முழுவதும் பழுப்பாக இருந்தால் பட்டைத் தோல், நடுவில் நீலச் சாம்பல் தெரிந்தால் குரோமியத் தோல். கனம் 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் ஆழமாகப் பதிக்கலாம். ஆட்டுத் தோல் மெல்லியது. அதில் லேசான பதிவுதான் அழகு.

அச்சின் முகம்

முறுக்கு அச்சு வாங்கும்போது என்ன பார்க்கிறீர்கள்? தட்டைத் திருப்பி, துளையில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறீர்கள் அல்லவா? அதே சாமர்த்தியம் இங்கேயும் போதும்.

அச்சை வெளிச்சத்தில் பிடித்து அதன் முகத்தைப் பாருங்கள். கோடுகளும் புள்ளிகளும் ஒன்றோடொன்று இழைந்து போகாமல் தனித்தனியே தெளிவாக இருக்க வேண்டும். ஆனால் வெளி ஓரம் கத்தி முனையாக இருக்கக் கூடாது. கூரிய ஓரம் தோலை அழுத்துவதற்குப் பதில் வெட்டி விடும். ஓரத்தை விரல் நுனியால் தடவினால் வழவழவென்று இருக்க வேண்டும். பிறகு தண்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வளைவு இருந்தால் வேண்டாம்.

இன்னொரு சோதனை சுலபமானது. குழந்தை விளையாடும் களிமண் உருண்டையையோ, ஒரு சோப்புக் கட்டியையோ எடுத்துப் போங்கள். அதில் அச்சை நான்கு முறை பக்கம் பக்கமாக அழுத்திப் பாருங்கள். நான்கும் ஒரே மாதிரி, எல்லாப் பக்கமும் ஒரே ஆழத்தில் விழுந்தால் முகம் மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். இணையத்தில் வாங்குவதானால், அச்சின் படத்தை நம்பாதீர்கள். அது தோலில் விட்ட பதிவின் படம் போட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள்.

பாய்ப் பின்னல் அச்சுக்கு இந்தச் சோதனை மிக முக்கியம். ஒரு பதிவின் கால் அடுத்த பதிவின் காலோடு பொருந்த வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் அரை மில்லிமீட்டர் விலகினால், இருபதாவது தட்டில் ஒரு சென்டிமீட்டர் விலகி விடுமே! புள்ளிக் கோலத்தில் ஒரு வரிசை கோணினால் கோலமே கோணுவது போலத்தான்.

எந்த உலோகம்?

மலிவு அச்சுகள் பல, துத்தநாகக் கலவையை வார்த்து மேலே குரோமிய முலாம் பூசியவை. மெல்லிய கோடுகள் வார்ப்பில் மழுங்கிப் போவதுண்டு. முலாம் உரிவதும் உண்டு. எஃகைக் கடைந்து செதுக்கிய அச்சும், துருப்பிடிக்காத எஃகு அச்சும் விலை கூடினாலும் தலைமுறை தாண்டி உழைக்கும். கையில் சிறு காந்தம் இருந்தால் ஒட்டிப் பாருங்கள். துத்தநாகத்தில் அது ஒட்டாது. ஆனால் சில ரகத் துருப்பிடிக்காத எஃகிலும் ஒட்டாது. ஆகவே காந்தத்தின் தீர்ப்பை மட்டும் நம்பி அச்சை ஒதுக்கி விடாதீர்கள்.

முலாம் உரிந்தாலோ துருப் பிடித்தாலோ என்ன கெட்டுவிடும் என்கிறீர்களா? வாழைப்பூ நறுக்கிய இரும்பு அரிவாள்மணை எப்படிக் கறுக்கிறது என்று உங்களுக்குத் தெரியாததா? பட்டைத் தோலிலும் அதே துவர்ப்புச் சத்து நிறைந்திருக்கிறது. ஈரத் தோலில் வெற்றிரும்பு பட்டால் கறுப்புக் கறை விழும், எளிதில் போகாது. வேலை முடிந்ததும் அச்சுகளைத் துடைத்து, துளி எண்ணெய் தொட்டு வையுங்கள். மறுபடி எடுக்கும்போது அந்த எண்ணெயையும் துடைத்து விடுங்கள்.

எத்தனை வாங்குவது?

பூ வேலைப்பாட்டில் பேர் பெற்ற அமெரிக்கக் குதிரைச் சேணத் தொழிலாளர் மரபில், தொடக்கக்காரருக்கு ஏழு சாமான்கள் போதும் என்று ஒரு கணக்கு உண்டு. கோடு கீற ஒரு சுழல் கத்தி. கோட்டின் ஓரத்தைச் சரித்து அழுத்த ஒரு பெவலர். இதழைக் குழித்து நிழல் காட்ட ஒரு பேர் ஷேடர். தண்டுக்கும் இதழுக்கும் வரி போட ஒரு காமஃப்ளாஜ். இலை நரம்புக்கு ஒரு வெய்னர். பூவின் நடுப் புள்ளிக்கு ஒரு சீடர். பூவைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை அமுக்க ஒரு பாக்கிரவுண்டர். கிராஃப்டூல் என்ற அமெரிக்க அச்சுகளில் எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்தே வகையைச் சொல்லிவிடும். பி என்றால் பெவலர், வி என்றால் வெய்னர், எஸ் என்றால் சீடர். பாய்ப் பின்னலுக்கு எக்ஸ்.

ஏழும் ஒரே நாளில் வேண்டாம். ஒரு நல்ல பாய்ப் பின்னல் அச்சும், ஒரு கரை அச்சும் வாங்குங்கள். இரண்டே அச்சில் ஒரு முழு இடுப்பு வார் முடியும். அடுத்து வாங்க வேண்டியது பெவலர். அதற்கு முகம் இன்னும் வழவழப்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோடு நெடுகப் படி படியாகத் தெரியும்.

தமிழில் பெயர் பொறிக்க ஆசையா? பித்தளையில் சொல்லிச் செய்விக்கலாம். வாங்கியதும் எழுத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். கண்ணாடியில் நேராகத் தெரிந்தால்தான் தோலிலும் நேராக விழும்!

சுத்தியல் வேண்டாம்

இரும்புச் சுத்தியலால் அடித்தால் அச்சின் தலை பிளந்து விரியும். தச்சர் வைத்திருக்கும் மரக் கொட்டாப்புளி போதும். அடியில் வைக்க, சமையலறை மேடை போட்டு மிஞ்சிய வழவழப்பான கருங்கல் துண்டைத் தேடி எடுங்கள். அம்மி சரிப்படாது, கொத்திய பள்ளங்கள் மட்டத்தைக் கெடுக்கும். ஸ்பாஞ்சால் தோலைச் சீராக நனைத்து, பழைய நிறம் திரும்பத் தொடங்கும் வரை பொறுங்கள். அந்தப் பதத்தில் தட்டினால் பதிவு கரும்பழுப்பாகப் பளிச்சென்று விழும். அவசரப்பட்டுச் சொட்டச் சொட்டத் தட்டினால், நல்ல அச்சுக்கும் கெட்ட பேர்தான்.

வீட்டிலே என்ன சொல்வார்கள்?

"தோலா? வீட்டுக்குள்ளேயா?" என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் சில வீடுகளில் இன்னும் உண்டு. சரஸ்வதி பூஜையன்று மிருதங்கத்துக்குப் பொட்டு வைக்கும் கை, அதன் தோலை வார் பிடித்துக் கட்டிய கையை மட்டும் தள்ளி நிறுத்தியதே, அது என்ன நியாயம்? தோலைத் தொட்டுப் பிழைத்தவர்களை ஊருக்கு வெளியே வைத்துவிட்டு, அவர்கள் தைத்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு நடந்த கதை நம்முடையது. சாந்திநிகேதனத்தில் ரதீந்திரநாத் தாகூரும் பிரதிமா தேவியும் தோல் வேலையை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். அந்த ஊர்ப் பைகளை நம் பெண்கள் ஆசையாகத் தோளில் மாட்டிக்கொள்கிறார்கள். வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்றால், செய்து மாட்டிக்கொள்ளவும் கூடாதா?

பக்கத்துத் தெருவில் செருப்புத் தைப்பவர் இருந்தால், வாங்கிய தோலை அவரிடம் ஒரு முறை காட்டுங்கள். விரலால் மடித்துப் பார்த்தே அதன் தரத்தைச் சொல்லிவிடுவார். காசு கொடுத்துத் தையலும் கற்றுக்கொள்ளுங்கள். முதல் மாதம் துண்டுத் தோலில் மட்டும் தட்டிப் பழகுங்கள். இரண்டாம் மாதம் உங்கள் சாவிக் கொத்தில் ஒரு பூ தொங்கட்டும்!