சிலம்பமும் முழங்கால் வலியும்

சிலம்பம் என்றதும் சுழலும் பிரம்புதான் நம் நினைவுக்கு வரும். ஆனால், கம்பு எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் உடலைத் திருப்பித் தருவது காலடியே. முட்டி வலி கண்டவருக்குத் தடையும் அங்கேதான்.

வலி வந்ததும் நம் மாணவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். முட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடுகின்றனர். அல்லது கம்பை மூலையில் சாத்திவிடுகின்றனர். பின்னதுதான் எனக்கு அதிக வருத்தம் தருகிறது. பெரும்பாலான முட்டி வலிக்காகக் கலையையே கைவிட வேண்டியதில்லை. சில அசைவுகளை மாற்றிக்கொண்டால் போதும்.

எந்த அசைவுகள்? முழங்கால், மடங்கி நிமிர்வதற்கென அமைந்த மூட்டு. முறுக்கை ஓரளவே தாங்கும். பாதம் தரையில் பதிந்திருக்க உடல் மட்டும் திரும்பினால், அம்முறுக்கு முட்டியில் இறங்குகிறது. இதில் தரைக்கும் பங்குண்டு. தமிழகத்திலிருந்து வந்த பாட்டாளிகளோடு தோட்டங்களுக்கு வந்த இக்கலை, மண் தரையில் வெறுங்காலோடு ஆடப்பட்டது. மண்ணில் பாதம் சற்று வழுக்கித் திரும்பும். செமோர் வட்டாரத்தில் தோட்ட நிலங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. சிமெந்துத் தரையில் ரப்பர் அடிக் காலணியோடு ஆடும்போது பாதம் தரையைப் பிடித்துக்கொள்ள, முட்டிதான் திரும்புகிறது. ஆகவே, குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் திரும்பப் பழக வேண்டும். மடங்கும் முட்டி, கால்விரல்கள் நோக்கும் திசையிலேயே செல்ல வேண்டும்.

எல்லா வலியும் ஒன்றல்ல. திரும்பும்போது ‘டப்’பென்ற ஓசையுடன் வலித்து, சில மணி நேரத்தில் முட்டி வீங்கினால், முன் சிலுவைத் தசைநார் அறுந்திருக்கலாம். மடங்கிய கால் நிமிராமல் சிக்கிக்கொண்டால், உள்ளேயுள்ள குருத்தெலும்பு வட்டு கிழிந்திருக்கலாம். இவ்விரண்டிலும் பயிற்சியை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கட்டு கட்டி ஆடுவது இங்கே பெருந்தவறு.

படியிறங்கும்போதும் குந்தும்போதும் முட்டியின் முன்புறம் வலிப்பது வேறு வகை. காலை ஆழமாக மடக்க மடக்க, சில்லெலும்பின் பின்புறம் விழும் அழுத்தம் உடல் எடையைப்போல் பல மடங்காகிறது. இவர்கள் தாழ்ந்த நிலைகளைத் தவிர்த்து, சற்று நிமிர்ந்து நின்று ஆடலாம். தொடை, இடுப்புத் தசைகளை வலுப்படுத்துவதே இதற்குச் சிறந்த மருந்து. நிற்கவே முடியாத நாள்களில் குட்டைக் கம்போடு நாற்காலியில் அமர்ந்து சுற்றலாம். மணிக்கட்டும் தோளும் பாடத்தை மறக்கா. பயிற்சியின்போது இலேசான வலி இருந்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் அளவு சரி. காலையில் வீக்கமோ கூடுதல் வலியோ இருந்தால் குறைத்துக்கொள்ளவும்.

மூட்டுத் தேய்மானம் தொடங்கிவிட்ட மூத்த பட்டதாரிகளுக்கும் ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முட்டித் தேய்மானமுள்ள 204 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2016இல் வெளிவந்தது. 12 வாரம் ‘தாய்ச்சி’ பயின்றவர்களுக்கும் பிசியோதெரபி பெற்றவர்களுக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தது. தாய்ச்சி சீனரின் தற்காப்புக் கலை, மெதுவாக ஆடப்படுவது. சிலம்பத்தை இப்படி யாரும் ஆராய்ந்து நான் படித்ததில்லை. நம் மருத்துவ மாணவர் எவரேனும் முயலலாமே!

அரசாங்கக் கிளினிக்கிலிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்று, ஈப்போ பொது மருத்துவமனைக்குச் செல்லலாம். போகும்முன் உங்கள் காலடியைக் கைப்பேசியில் படம்பிடித்துக்கொள்ளுங்கள். சிலம்பம் அறியாத பிசியோதெரபி நிபுணரும், எந்த அடியில் முட்டி உட்புறம் சாய்கிறது என்பதைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.