பிளேடைச் சிதைக்கும் தாடி

சவர பிளேடின் எஃகு, நம் முடியைவிட ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. அப்படியிருந்தும் சில நாள் சவரத்திலேயே பிளேடு மழுங்கிவிடுகிறது. ஏன்?

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உலோகங்களை ஆராயும் ஜியான்லூகா ரோஷியோலியும் பேராசிரியர் செம் தாசானும் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். ரோஷியோலி தன் முகத்தையே மழித்து, பிளேடின் விளிம்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். விளிம்பு சீராகத் தேய்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு, ஆங்காங்கே சில்லுச் சில்லாகப் பெயர்ந்த விளிம்புதான் தெரிந்தது. பிறகு நுண்ணோக்கிக்குள்ளேயே முடி வெட்டும் சிறு கருவியை அமைத்து, சில்லு பெயரும் கணத்தையே பார்த்தார்கள். அந்த ஆய்வு 2020 ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. வெட்டுப்படும்போது முடி வளைகிறது. எஃகின் உள்ளமைப்பும் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பதில்லை. விளிம்பில் வலுக்குறைந்த இடத்தில் வளைந்த முடி அழுத்தினால், அங்கே எஃகு சில்லாகத் தெறித்துவிடுகிறது.

எஃகையே உடைக்கும் இந்த மோதல், நாள்தோறும் நம் கன்னத்தின் மீது நடக்கிறது. அங்கே பிளேடுக்கு அடியில் இருக்கும் காவல் எவ்வளவு மெல்லியது தெரியுமா? தோலின் மேற்பரப்பில் இறந்த செல்கள் அடுக்கடுக்காகப் படிந்த படலம் ஒன்று உண்டு. அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு தாளின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது. உடலின் ஈரம் வெளியே போகாமலும் கிருமிகள் உள்ளே வராமலும் காப்பது அந்தப் படலம்தான். ஆணின் தோல் தடித்தது, எதையும் தாங்கும் என்பது பாதிதான் உண்மை. ஆண் ஹார்மோனால் தோலின் உள்ளடுக்கு தடிக்கிறது, எண்ணெய்ச் சுரப்பும் கூடுகிறது. ஆனால் மேலே இருக்கும் காவல் படலம் ஆணுக்கும் மெல்லியதே. ஒவ்வொரு சவரத்திலும் முடியோடு சேர்த்து அதையும் கொஞ்சம் சுரண்டி எடுக்கிறோம்.

இந்தச் சேதத்தைக் குறைக்க முதலில் வேண்டியது வெறும் தண்ணீர். முடி என்பது கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் இழைகளைப் பிணைத்து விறைப்பைத் தருபவற்றுள் ஹைட்ரஜன் பிணைப்புகளும் அடங்கும். நீர் உள்ளே புகுந்ததும் அவை தளர்கின்றன. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரை முடி உறிஞ்சிக்கொள்ளும். அப்படி ஊறிய முடியை வெட்டக் குறைந்த விசையே போதும். முடி அப்படி ஊற இரண்டு மூன்று நிமிடமாவது ஆகும், வெதுவெதுப்பான நீர் என்றால் இன்னும் விரைவு. நுரையின் வேலை அந்த ஈரத்தை முடியை விட்டுப் போகாமல் பிடித்துவைப்பதும் பிளேடு வழுக்கிச் செல்ல உதவுவதும். குளித்து முடித்த கையோடு சவரம் செய்வது நல்லது என்பதன் காரணம் இதுதான். குளியல் சோப்பையே நுரையாக்குவதைத் தவிர்க்கலாம். தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு 5-ஐ ஒட்டியது. சோப்புக் கட்டியின் அளவோ 9 முதல் 10. தோல் வறண்டு இழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்து, பிளேடின் எண்ணிக்கையும் மழிக்கும் திசையும். இரட்டை பிளேடு ரேஸரில் முதல் பிளேடு முடியைச் சற்று மேலே இழுக்கும். அது திரும்பி உள்ளே போவதற்குள் அடுத்த பிளேடு வெட்டிவிடும். முடிவில் முடியின் நுனி தோலின் மட்டத்துக்கும் கீழே போய்விடுகிறது. சுருட்டை முடி உள்ளவர்களுக்கு அந்த நுனி வெளியே வராமல் பக்கவாட்டில் தோலையே குத்தும். கழுத்தில் சிவந்து எழும் புடைப்புகளுக்கு இது முக்கியக் காரணம். அவர்கள் ஒற்றை பிளேடால், முடி சாய்ந்த திசையிலேயே, அழுத்தாமல் மழிப்பது நல்லது.

சவரம் முடிந்ததும் லோஷன் தடவினால் சுரீரென்று எரியும். மருந்து வேலை செய்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் நடப்பது வேறு. தோலின் நரம்புகளில் சூட்டை உணரும் ஓர் ஏற்பி உண்டு. மிளகாயின் காரத்தை உணர்வதும் அதுவே. அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசு பெற்றார். அந்த ஏற்பி வழக்கமாக 42 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில்தான் விழித்துக்கொள்ளும். லோஷனிலுள்ள ஆல்கஹால் அந்த வரம்பை 34 டிகிரி அளவுக்கு இறக்கிவிடுகிறது. ஆக, நம் உடலின் இயல்பான சூடே நெருப்பாக உணரப்படுகிறது. அந்த எரிச்சலால் தோலுக்கு ஒரு நன்மையும் இல்லை. குளிர்ந்த நீரால் கழுவி, ஆல்கஹாலும் வாசனையும் இல்லாத ஈரப்பதக் கிரீமைத் தடவினால் போதும். வெயிலில் போகிறவர்கள் அதன்மேல் சன்ஸ்கிரீனும் பூசிக்கொள்ளலாம்.

மழித்தால் முடி தடித்து வளரும் என்று இளைஞர்களை இன்னும் பலர் பயமுறுத்துகிறார்கள். மில்ட்ரட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் 1928-இலேயே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார். முடியின் தடிமனிலும் வளர்ச்சியிலும் மாற்றம் ஏதுமில்லை. கூம்பிய நுனி போய் வெட்டுமுனை மட்டும் நிற்பதால், அறுவடை முடிந்த வயலில் நெல்தாள் காலைக் குத்துவதுபோல் கைக்குச் சொரசொரக்கிறது, அவ்வளவுதான்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். பிளேடில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கறையும் அது தொற்றப் போதும். படிகாரக் கல் இரத்தத்தை நிறுத்தும். வைரஸை அழிக்கும் என்று அதை நம்பியிருக்கக் கூடாது. ஒரே கல்லைப் பல முகங்களில் தேய்ப்பதும் ஆபத்து. சலூனில் உங்கள் கண்முன்னே புது பிளேடு மாற்றச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். வீட்டிலும் அண்ணன் தம்பிக்குள், அப்பா பிள்ளைக்குள்கூட ரேஸரைப் பகிர்ந்துகொள்ள வேண்டாம்.